சீட்டில் எறும்பு என்று எழுதினேன்

நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து போன வாரம் ஒரு பெண் போன் செய்தார். ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். பூச்சி மருந்து அடிக்கும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நான் "ஒரு இனிமையான அனுபவம்" எழுதித் தர வேண்டுமாம். ஒரு பக்கம் போதுமாம். கரப்பானோடும் எலியோடும் கழிந்த பிழைப்பில் இனிமைக்கு எங்கே போவது என்று கேட்டேன். "ஏதாவது யோசிங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

யோசித்துக்கொண்டிருந்தபோது சேகர் வந்தான். என்னோடு பதினைந்து வருடம் வேலை பார்த்தவன், இன்னும் அங்கேதான் இருக்கிறான். கையில் கம்பெனி கொடுத்த புது போன். இனிமேல் காகிதச் சீட்டே கிடையாது, எல்லாம் ஆப்பில்தான் என்று திறந்து காட்டினான். எலி, கரப்பான், எறும்பு, கரையான், கொசு, மூட்டைப்பூச்சி என்று வரிசையாகப் படம். கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம். அதைத் தொட்டால் படம் எடுத்து அனுப்பி, ஆபீசிலிருந்து பதில் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

"அதனால யாரும் அத்த தொடறதில்லண்ணே. இன்னா பூச்சின்னு தெரிலன்னா எறும்புன்னு போட்டுட்டு வந்துடுவோம். எறும்பு இல்லாத எடம் எங்க கீது சொல்லு" என்றான்.

எனக்கு வந்த எரிச்சலில் அவனுக்கு ஒரு டீ கூடப் போட்டுக் கொடுக்கவில்லை. அவன் போனதும் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். இனிமையாக இருக்காது. மலரில் போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

வியாசர்பாடி போர்டு வீட்டிலிருந்து பத்தொன்பது வயதில் இந்த வேலைக்கு வந்தேன். முதல் மூன்று வருடம் முதுகில் மருந்து டாங்க். பிறகு கிடங்குகள். சாக்கு மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பதை அட்டி என்போம். அந்த அட்டியைத் தார்ப்பாயால் மூடி, காற்று போகாமல் ஓரமெல்லாம் மணல் நிரப்பிய நீளத் துணிப்பைகளை வைத்து அழுத்தி, உள்ளே மாத்திரை வைத்து விஷவாயுவில் பூச்சியைக் கொல்லும் வேலை. அழுகிய மீன் வாடை வந்தால் வாயு கசிகிறது, ஓடு என்று பயிற்சிப் புத்தகத்தில் போட்டிருந்தது. எப்போதும் மீன் வாடை அடிக்கிற ராயபுரத்திலும் காசிமேட்டிலும் நின்றுகொண்டு அதை வைத்து என்னத்தைக் கண்டுபிடிப்பது? அந்தப் புத்தகத்தை எழுதிய புண்ணியவான் இந்தப் பக்கம் வந்ததே இல்லை போலும்.

எனக்கு மேலே சூப்பர்வைசராக இருந்தவர் மதியழகன் சார். அவரோடு வேலை செய்வது ஒரு தண்டனை. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் பத்து நிமிடம் சும்மா நிற்பார். பைகளில் கை விட்டுக்கொண்டு தரையைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், ஜன்னல் விளிம்பைப் பார்ப்பார். கஸ்டமர் பக்கத்தில் நெளிந்துகொண்டிருப்பார். நான் டாங்க்கோடு வெந்துகொண்டிருப்பேன். அப்புறம் தோள்பையிலிருந்து ஒரு வெள்ளை எனாமல் தட்டை எடுப்பார். சந்தேகப்படும் எதையும் அந்தத் தட்டில் தட்டி, ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்து, கண்ணாடிக் குப்பியில் போட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நான் அவசரப்பட்டு "கரப்பான் குஞ்சு சார்" என்றோ "வண்டு சார்" என்றோ சொன்னால் தலையை நிமிர்த்தாமல் கேட்பார்: "நீ பார்த்தியா, இல்ல பேர் வெச்சியா?"

திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. இந்த ஒரே கேள்வியை இருபது வருடம் கேட்டார். பார்த்தியா, பேர் வெச்சியா. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

ஆனால் அவரால்தான் குளவிகளைத் தெரிந்துகொண்டேன். குளவி என்றால் கூடு கட்டிக் கொட்டுகிற பெரிய குளவி மட்டும் இல்லை. மற்றப் பூச்சிகளின் முட்டையிலோ புழுவிலோ தன் முட்டையை வைத்து, அதைத் தின்று வளர்கிற ஒட்டுண்ணிக் குளவிகள் எத்தனையோ வகை. பாதி கண்ணுக்கே தெரியாது. நாங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை அவை சும்மா செய்துகொண்டிருக்கும். நாங்கள் போய் முதலில் அவற்றைக் கொல்லுவோம்.

ராயபுரத்தில் ஒரு வீட்டில் நடந்தது இது. சமையலறையில் கறுப்பாக ஒரு பூச்சி பறக்கிறது, வாலை மேலும் கீழும் ஆட்டுகிறது, பயமாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கரப்பான் முட்டைக் கூட்டுக்குள் முட்டை வைக்கிற குளவி. யாரையும் கொட்டாது. "இது இருக்குதுன்னா உங்க சிங்க்குக்குக் கீழ கரப்பான் ஏகப்பட்டது இருக்குதும்மா. இது அந்த முட்டையத்தான் தின்னுது. இத்த வுட்டுடுங்க, நான் கரப்பானுக்கு மருந்து வைக்கிறேன்" என்று பொறுமையாகச் சொன்னேன். அந்த அம்மா முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "சரிப்பா, கரப்பானுக்கு இன்னொரு நாள் வா. இன்னிக்கு இத்த அடிச்சிட்டுப் போ" என்றார். அடித்துவிட்டுத்தான் வந்தேன். வேறென்ன செய்வது?

இவ்வளவு தெரிந்தவன்தான் நான். அதனால்தான் அடுத்துச் சொல்லப்போவதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மஞ்சள் கிடங்கு. பெயர் வேண்டாம். விரலி மஞ்சள் மூட்டை மூட்டையாக வரும். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து நல்லது, உடைந்தது, பூச்சி அரித்தது என்று பிரிப்பார்கள். நல்லது கப்பலுக்குப் போகும். அங்கே பெண்களை எறும்பு கடிக்கிறது என்று எங்களைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். அன்றைக்கு இன்னும் நான்கு இடம் பாக்கி. குனிந்து பார்த்தேன். மஞ்சள் தூளுக்கு நடுவே பழுப்பாக, இறக்கை இல்லாமல், பொடிசாக ஒன்றிரண்டு ஓடின. லென்ஸ் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. சர்க்கரைப் பசையில் கலந்த எறும்பு மருந்தைச் சுவரோரம் வைத்தேன். "எறும்பு. மருந்து வைக்கப்பட்டது. பிரச்சினை தீர்ந்தது" என்று வழக்கம்போல ஆங்கிலத்தில் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளைப் பிரதி கஸ்டமருக்கு, ரோஸ் ஆபீசுக்கு, மஞ்சள் புத்தகத்தில்.

ஒன்றரை மாதம் கழித்து அதே கிடங்கிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை எறும்புக்கு இல்லை. ஒரு பெண்ணுக்குச் சொறி வந்து மற்றவர்களுக்கும் ஒட்டுகிறது, அவள் உட்கார்ந்த இடத்தில் கிருமிநாசினி அடிக்க வேண்டும் என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். பிலோமினா. ராயபுரத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிற வயது, கணவர் இறந்து தம்பி வீட்டில் இருப்பவர். அந்தக் கிடங்கில் எல்லோரையும் விட மூத்த வேலைக்காரர் அவர்தான். முழங்கை முதல் மணிக்கட்டு வரை சிவப்புத் தடிப்பு, கழுத்திலும் இருந்தது.

என் சட்டையில் கம்பெனி பெயரைப் பார்த்ததும் வழி மறித்தார். "எறும்புன்னு எழுதிக்கினு போனது நீதான சார்?"

"ஆமா."

"எறும்பு பூட்ச்சின்னும் எழுதினியா?"

"ஆமாம்மா, மருந்து வெச்சேனே."

"அந்தச் சீட்டத்தான் சார் மேனேஜரு என் மூஞ்சிக்கு நேரா காட்டறாரு. எறும்புதான் பூட்ச்சே, அப்பறம் உன்ன இன்னா கடிக்கிது, உன் ஒடம்புலதான் நோவு கீதுன்றாரு. டாக்டரு கைல காட்டினேன். சொறிக்கு மருந்து குடுத்தாரு. வூட்ல எல்லாரும் தடவிக்கினோம். பத்து நாளு வேலைக்கு வராத உக்காந்து கெடந்தேன், எல்லாம் அமிஞ்சிபோச்சி. வேலைக்கு வந்த மறுநாளே திரும்பியும் வந்துட்ச்சி. இப்ப வரவே வராதன்றாரு." மூச்சு விடாமல் சொன்னவர் கொஞ்சம் நிறுத்தினார். "வேலைய வுடு சார். என் தம்பி கொளந்த, ஒம்போது மாசம். பொறந்ததுல இருந்து நான்தான் குளிப்பாட்டினேன். இப்ப தம்பி பொண்டாட்டி அவன என் கைல குடுக்க மாட்டேன்றா. நான் படுக்கற பாய தனியா போட்டுட்டா."

உள்ளே போனேன். மேனேஜர் இடத்தைக் காட்டினார். அப்போதுதான் ஒன்றைச் சொன்னார். அந்தப் பத்து நாள் பிலோமினா வராதபோது அவர் இடத்தில் சரசு என்ற பெண் உட்கார்ந்தாராம். சரசுவுக்கும் தடிப்பு வந்ததாம். பிலோமினா திரும்பி வந்ததும் சரசு தன் பழைய இடத்துக்குப் போனாராம், தடிப்பும் போய்விட்டதாம். "பாத்தீங்களா, எப்படி ஒட்டுது" என்றார் மேனேஜர்.

அவருக்கு அது ஒட்டுநோய்க்குச் சாட்சியாகத் தெரிந்தது. எனக்கு நேர்மாறாகத் தெரிந்தது. நோய் ஆளோடு போக வேண்டும். இது இடத்தோடு அல்லவா இருக்கிறது?

கிருமிநாசினி அடிக்காமல் திரும்பி வந்து மதியழகன் சாரிடம் சொன்னேன். சீட்டைப் பற்றியும் சொன்னேன். புத்தகத்தைப் புரட்டி மஞ்சள் பிரதியைப் படித்தார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை இருவரும் போனோம். வழக்கம்போலப் பத்து நிமிடம் நின்றார். பிறகு பிலோமினா எங்கே உட்காருவார் என்று சரசுவிடம் கேட்டார். சரசு ஒரு சாக்கைக் காட்டினார். உடைந்த மஞ்சளும் அரித்த மஞ்சளும் பாதி நிரம்பிய பழைய சாக்கு. மற்றவர்களுக்கு வெறும் தரை, மடித்த கோணி. இது மட்டும் உட்கார்ந்தால் மெத்தென்று அமுங்கும். எல்லோரையும் விட மூத்தவருக்குத்தான் அந்தச் சாக்கு என்பது அந்தப் பெண்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம். முழங்கால் வலிக்காரர்கள், அவர்களுக்கு அது பெரிய மரியாதை. பிலோமினா வராவிட்டால் அடுத்த மூத்தவர் சரசு. அந்தச் சாக்கை எத்தனை மாதமாக யாரும் பிரிக்கவே இல்லை.

மதியழகன் சார் என்னைப் பார்த்தார். "எறும்புதானே எழுதியிருக்கே? உக்காரு."

உட்கார்ந்தேன். சட்டைக் கையை மடித்துவிடச் சொன்னார். கையைச் சாக்கின் மேல் வைக்கச் சொன்னார். ஒரு மணி நேரம். கிடங்கே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் முழங்கைக்கு உள்பக்கம் ஊசி குத்தினாற்போல் சுருக்கென்றது. அப்புறம் மணிக்கட்டில். எழுந்திருக்கப் போனேன். "அசையாத" என்று சொல்லிவிட்டு, ஈரத் தூரிகையோடு குனிந்து என் கை மேலிருந்தே அதை ஒற்றி எடுத்தார். குப்பியில் போட்டு லென்ஸை என்னிடம் கொடுத்தார்.

எறும்புக்கு இடுப்பில் ஒரு முடிச்சு இருக்கும். இதற்கு இல்லை. தலை நீளமாக, தட்டையாக இருந்தது. எறும்பு சாரி சாரியாகப் போகும், இதுவோ ஒவ்வொன்றும் தனித்தனியாக அலைந்தது. அடுத்து சாக்கைப் பிரித்துத் தட்டில் கொட்டினார். மஞ்சள் கிழங்கெல்லாம் சல்லடையாக ஓட்டை. உள்ளே வண்டுப் புழுக்கள். சில நெளிந்தன. சில அப்படியே மரத்துப்போய்க் கிடந்தன, அவற்றின் மேல் நொய்யை விடச் சின்னதாக முட்டைகள் ஒட்டியிருந்தன. நான் எறும்பு என்றது ஒரு ஒட்டுண்ணிக் குளவி; அந்த வண்டுப் புழுவைக் கொட்டி மரத்துப்போக வைத்து, அதன் மேல் முட்டை வைக்கும். பெண் குளவிகளில் முக்கால்வாசிக்கு இறக்கையே கிடையாது. மேலே ஒருவர் நாள் முழுக்க அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அவரையும் கொட்டும். இறக்கை உள்ள குளவிகளையெல்லாம் தெரியும் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன் இதை எறும்பு என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன். சர்க்கரைப் பசை மருந்தை இது எந்தக் காலத்தில் தின்றது?

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினோம். லென்ஸில் பார்த்தார். "எறும்பு மாதிரிதான் இருக்கு" என்றார். மறுபடி விளக்கினேன். "அப்ப இது வண்ட கொல்லுதுன்னா நமக்கு நல்லதுதானே? நல்ல பூச்சியா, கெட்ட பூச்சியா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றார். மூன்றாவது தடவை விளக்கினேன். அதற்குள் என் கையில் தடிப்புகள் சிவந்து எழும்பியிருந்தன. அவற்றைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார். "ஐயையோ, உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?"

அந்த நிமிடம் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மதியழகன் சார்தான் தன் குரலில், மெதுவாக, "சார், இவரு அந்தம்மாவ தொடவே இல்ல. சாக்கு மேலதான் உக்காந்தாரு. நீங்களும் வேணும்னா ஒரு மணி நேரம் உக்காருங்க" என்றார். மேனேஜர் உட்காரவில்லை. ஆனால் அதோடு பேச்சு முடிந்தது. சாக்கை பிளாஸ்டிக் உறையில் கட்டி வெளியே எடுத்தோம். அட்டி முழுவதையும் மூடி வாயு வைத்தோம். சுவர் விரிசலில் இருந்த தூளையெல்லாம் சுரண்டி எடுக்க வைத்தோம். வண்டு போனால் குளவி தானாகப் போகும்.

புதுச் சீட்டு எழுத வேண்டியிருந்தது. எழுதிய சீட்டை அடிக்கக் கூடாது, இரண்டாவது சீட்டில் காரணத்தோடு எழுத வேண்டும் என்பது மதியழகன் சார் வைத்த முறை. கிளை மேலாளர் போனில், "தப்புன்னு எழுதாதீங்க, மறு ஆய்வுன்னு போடுங்க" என்றார். சார் போனை வைத்துவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினார். "முதல் சீட்டில் எறும்பு என்று எழுதியது என் தவறு. லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை" என்று எழுதினேன். அதற்காக எனக்கு ஒரு மெமோ வந்தது. வரட்டும்.

வாயு போய்க் கிடங்கு திறந்த அன்றே பிலோமினாவை வேலைக்குக் கூப்பிட்டார்கள். புதுச் சீட்டோடு நானும் போனேன். என்னைப் பார்த்து நன்றி சொல்வார் என்று ஒரு மூலையில் நான் எதிர்பார்த்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் சீட்டைக் கையில் வாங்கினார், மேலும் கீழும் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"இது இங்க்லீஷ்ல கீது. நான் இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? தமிழ்ல எழுது."

தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன்: பிலோமினாவுக்குச் சொறி இல்லை, எந்த ஒட்டுநோயும் இல்லை, கடித்தது மஞ்சள் சாக்கில் இருந்த குளவி, அதை எறும்பு என்று தவறாகச் சொன்னது நான். கையெழுத்துப் போட்டேன். எழுத்துக் கூட்டிப் படித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்து வாயால சொல்லிட்டுப் போ சார். நான் சொன்னா அவ நம்ப மாட்டா" என்றார்.

போனேன். கோயில் தெருவுக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. ஸ்டெல்லா, அதாவது தம்பி மனைவி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றார். பிலோமினா உள்ளே சுவரோரம் தள்ளி நின்றார், கைகளைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டு, புழு, சாக்கு, சரசு. ஸ்டெல்லா கடைசி வரை கேட்டுவிட்டு, "அந்தக் குளவி அண்ணி பொடவைல ஒட்டிக்கினு இங்க வந்துடாதா?" என்றார்.

"வராதும்மா. புழு இருக்கற எடத்துலதான் அது இருக்கும். உங்க வூட்ல மஞ்சள் மூட்டையா கீது?" என் குரல் உயர்ந்துவிட்டது. "அவங்களுக்கு ஒரு நோவும் இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. பாக்காம பேர் வெச்சவன் நான். தப்பு என்னுது. இன்னும் எத்தினி வாட்டி சொல்றது?"

பிலோமினா இடுப்பிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். ஸ்டெல்லா ஒரு கையால் வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். குழந்தை அதைப் பிடுங்கப் பார்த்தது. அவர் தாளை மேலே தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"இவன் அண்ணிகிட்ட தாவுவான் சார். நான் கைய தட்டி வுட்டேன். ஒரு மாசமா, தெனமும்" என்றார் என்னிடம். பிறகு பிலோமினாவைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார். "நீங்க தப்புன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. நான் இன்னாத்த எழுதிக் குடுக்கறது?"

பிலோமினா தலைப்பிலிருந்து கைகளை வெளியே எடுத்தார். தடிப்புகள் இன்னும் முழுதாக ஆறவில்லை.

"எழுதறதெல்லாம் ஒண்ணும் வாணாம்" என்றார். "கொளந்தைய குடு."